தினை வாங்குவதா, கரண்டியை மாற்றுவதா?

போன வருடம் ரத்தப் பரிசோதனையில் எச்பிஏ1சி, அதாவது கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் அளவு, 6.1 என்று வந்தது. 5.7-லிருந்து 6.4 வரை என்றால் சர்க்கரை நோய் இன்னும் வீட்டுக்குள் வரவில்லை, வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். மாத்திரை எழுதாமல், “சாப்பாட்டை மாத்துங்க, மூணு மாசம் கழிச்சு வாங்க” என்று டாக்டர் அனுப்பிவிட்டார். எப்படி மாற்றுவது என்று கேட்டதற்கு ஆளுக்கொரு வழி சொன்னார்கள். மூன்றை நானே செய்து பார்த்தேன். மீதி ஒன்றான பேலியோ உணவுமுறையை என் நண்பன் செய்தான், நான் வேடிக்கை பார்த்தேன்.

எல்லோரும் முதலில் போவது சிறுதானியத்துக்குத்தான். 2023-ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு தெருமுனை மளிகைக் கடையிலும் சாமை, வரகு, குதிரைவாலி பாக்கெட்டுகள் தொங்குகின்றன. நல்ல பொருள்தான். 100 கிராம் கேழ்வரகில் நார்ச்சத்து சுமார் 11 கிராம், கால்சியம் 350 மில்லிகிராம் வரை. தீட்டிய அரிசியில் நார்ச்சத்து 3 கிராம்கூடத் தேறாது. ஆனால் கலோரி என்று பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான், 100 கிராமுக்கு 320-லிருந்து 350. ‘தினைதானே’ என்று இரண்டு தட்டு பொங்கலை இறக்கினால் கணக்கு பழைய இடத்துக்கே வந்துவிடும், நான் அதைத்தான் செய்தேன். இன்னொன்று, பளபளவென்று வெள்ளையாக இருக்கும் சாமையும் வரகும் தவிடு நீக்கித் தீட்டியவை. நார்ச்சத்துக்காக வாங்கிவிட்டு நார்ச்சத்து போனதைச் சாப்பிடுகிறோம். கேழ்வரகையும் நைசாக அரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சினால் ரத்தத்தில் சர்க்கரை சீக்கிரம் ஏறும்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். என்னை உட்கார வைத்தது அடுப்படி. எனக்கு ஒரு குக்கர், மற்றவர்களுக்கு ஒரு குக்கர். பத்தாவது நாள் அம்மா, “இது என்னடா, ஆறினா மணல் மாதிரி உதிருது” என்று பாத்திரத்தை என் பக்கம் தள்ளிவிட்டார்.

பேலியோ நேர் எதிர்த் திசை. தானியமே கிடையாது. காலையில் 100 பாதாம், மதியம் இறைச்சி, ராத்திரி முட்டையோ பனீரோ. நண்பனுக்கு முதல் வாரமே எடை இறங்கியது. அதில் பெரும்பங்கு நீர் என்று அவனுக்கும் தெரியும், இருந்தாலும் பெல்ட்டில் புது ஓட்டை போட்ட சந்தோஷம். சர்க்கரையும் இறங்கியது, அதை மறைக்கக் கூடாது. ஆனால் சிலருக்குக் கெட்ட கொழுப்பு ஏறும். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களும், சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களும் டாக்டரைக் கேட்காமல் இதில் இறங்கவே கூடாது. அப்புறம் செலவு. பாதாம் விலையில் ஒரு குடும்பத்துக்கே காய்கறி வாங்கிவிடலாம். நண்பனோ கல்யாணப் பந்தியில் வாழைக்காய் வறுவலைக்கூட ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நாலு மாதம் தாங்கினான்.

ராத்திரிச் சாப்பாட்டை ஏழு மணிக்குள் முடிப்பது மூன்றாவது வழி. காசு செலவில்லை, நொறுக்குத்தீனி தானாகக் குறைகிறது. வேலை முடிந்து எட்டரைக்கு வீடு திரும்புகிறவனுக்கு அது கைகூடவில்லை. அவ்வளவுதான்.

கடைசியாக வந்ததுதான் தங்கியது. புதிதாக எதையும் வாங்காமல், இருக்கிற சாப்பாட்டின் அளவை மட்டும் மாற்றுவது. ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டியில், ஒரு நாளைக்கு 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு 250 கிராம் தானியம், 400 கிராம் காய்கறி, 100 கிராம் பழம்; பருப்பு, முட்டை, இறைச்சி மூன்றும் சேர்த்து 85 கிராம் என்று இருக்கிறது. (அந்த நிறுவனம் 1918-ல் நம் குன்னூரில், தீட்டிய அரிசியே கதி என்று இருப்பவர்களுக்கு வரும் பெரிபெரி நோயை ஆராயத்தான் தொடங்கியது. அரிசிப் பஞ்சாயத்து அவ்வளவு பழசு.)

இதை நம் வீட்டுத் தட்டோடு வைத்துப் பாருங்கள். சாதம் மூன்று தடவை விழுகிறது: குழம்புக்கு, ரசத்துக்கு, மோருக்கு. பொரியல் ஒரே ஒரு கரண்டி, அதுவும் ‘தொட்டுக்க’. அந்தச் சொல்லிலேயே நம் வியாதி இருக்கிறது. நான் குழம்புக்கு மட்டும் ஒன்றரைக் கரண்டி சாதத்தை வைத்துக்கொண்டேன். ரசத்தை டம்ளரில் குடித்தேன், மோரையும் அப்படியே. காலியான இடத்தில் பீன்ஸோ கோஸோ புடலங்காயோ மூன்று கரண்டி, கூடவே ஒரு கிண்ணம் சுண்டல். ஒரு கைப்பிடி காய்ந்த மூக்கடலை (கொண்டைக்கடலை), அதாவது 30 கிராம், கிட்டத்தட்ட ஒரு முட்டை அளவு புரதம் தருகிறது. காயையும் சுண்டலையும் முதலில் தின்றுவிட்டுச் சாதத்துக்கு வந்தால் சர்க்கரை மெதுவாக ஏறும்.

“கறியை என்னடா சோறு மாதிரி அள்ளுற?” என்றார் அம்மா. ஆனால் குக்கர் ஒன்றுதான், குழம்பு ஒன்றுதான், காய் மட்டும் கால் கிலோ கூடுதல். அதனால் சண்டை வரவில்லை. முதல் வாரம் வயிறு உப்பியது, நார்ச்சத்தை ஒரேயடியாக ஏற்றியது என் அவசரம். மெதுவாகக் கூட்டினால் அந்தத் தொந்தரவு குறையும்.

மூன்று மாதத்தில் 5.8. தினம் அரைமணி நேரம் நடந்ததும் சேர்ந்திருப்பதால் எது எவ்வளவு இறக்கியது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

ஒண்டியாகச் சமைத்துச் சாப்பிடுகிறவர் என்றால் தாராளமாகச் சிறுதானியத்தில் தொடங்கலாம், இரண்டாவது குக்கர் பிரச்சினை அவருக்கில்லை. நாலு பேருக்கு ஒரே உலை வைக்கும் வீடு என்றால் கரண்டியில் கை வையுங்கள். ராத்திரி டிபனில்தான் நான் இன்னும் தோற்றுக்கொண்டிருக்கிறேன். வாரத்தில் இரண்டு நாள் பருப்பும் அரிசியும் சமமாகப் போட்ட அடை, மற்ற நாளெல்லாம் தோசைதான், மூன்றோடு நிறுத்துவது இன்னும் பழகவில்லை. மிச்சமிருந்த தினையை அம்மா மொட்டைமாடியில் குருவிகளுக்குப் போட்டுவிட்டார்.