தோலுறைக்குள் மெழுகு நூல்: வில்லுக்கு நரம்பு நார் ஒட்டக் கொடுத்து ஏமாந்தது எப்படி

மரவில்லின் முதுகில் நரம்பு நார் ஒட்டித் தருவதாகச் சொல்பவர்களிடம் தங்கள் வில்லை ஒப்படைக்க நினைப்பவர்கள், பார்சலைக் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன். வேலை செய்தவரின் பெயர் இந்தப் பதிவில் இல்லை. அவர் செய்ததை இன்னொருவரும் எளிதாகச் செய்துவிட முடியும்.

முசுக்கட்டை மரத்தில் நானே செதுக்கிய வில் அது. நுனிக்கு நுனி 54 அங்குலம். 24 அங்குலம் இழுத்தால் 40 பவுண்டு விசை. வில்லின் மேல் கையில், அதாவது பிடிக்கு மேலுள்ள பாதியில், ஒரு கணுவைச் சுற்றிச் செதுக்கியபோது கத்தி சற்று ஆழமாக இறங்கி, முதுகில் ஓடிய ஆண்டு வளையத்தை அறுத்துவிட்டது. எய்பவருக்கு எதிர்ப்புறமாக இருக்கும் அந்த முதுகுதான் நாணை இழுக்கும்போது நீட்சியைத் தாங்க வேண்டும் என்பதால், வளையம் அறுபட்ட குட்டை வில்லை அப்படியே முழுவதும் இழுப்பது ஆபத்து. மரம் ஏறத்தாழ 1 சதவீதம் நீண்டாலே முறியத் தொடங்கிவிடும்; விலங்கின் கால், முதுகுத் தசைநாண்களை உலர்த்தி, இடித்துப் பிரித்தெடுக்கும் நாரோ அதைப் போலப் பல மடங்கு நீண்டும் அறுவதில்லை. வட அமெரிக்காவின் மேற்குப் பகுதிப் பழங்குடியினர் ஜூனிப்பர், யூ மரங்களில் செய்த குட்டை விற்களுக்கு நார் ஒட்டியதும் இதனால்தான்.

முழுத் தொகையையும் முன்கூட்டியே செலுத்தி வில்லை அனுப்பினேன். மூன்று அடுக்கு நார் வைப்பதாகவும், பசையாக, விலங்குத் தோலைக் காய்ச்சி எடுக்கும் வச்சிரமே பயன்படுத்துவதாகவும், மேலே மெல்லிய தோல் போர்த்தித் தருவதாகவும் எழுதியிருந்தார். வேலை நடக்கும்போது படம் கேட்டதற்கு, மேசையில் கிடந்த ஒரு கட்டு நாரின் படம் மட்டும் வந்தது. பதினோராம் நாள் வில்லே வந்து சேர்ந்தது.

அந்தப் பதினோரு நாளிலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். நாரை முதலில் கொழுப்புப் போகக் கழுவ வேண்டும். மரத்தின் முதுகைச் சுரண்டிச் சொரசொரப்பாக்கி, நீர்த்த வச்சிரத்தை இரண்டு மூன்று முறை பூசிக் குடிக்கவிட வேண்டும். பிறகு, கொதிக்கவிடாமல் 60 டிகிரி அளவில் சூடாக வைத்திருக்கும் பசையில் நார்க்கற்றைகளை நனைத்து, பிழிந்து, செங்கல் அடுக்குவதுபோல் முனைகள் ஒரே இடத்தில் சேராதபடி மாற்றி மாற்றிப் படிய வைக்க வேண்டும். ஓர் அடுக்கு பல நாள் உலர்ந்த பிறகே அடுத்தது. எல்லாம் முடிந்த பின்னும் வில் வாரக்கணக்கில் காய வேண்டும். எய்பவரைப் பார்த்த பக்கமான வயிற்றில் கொம்பும் முதுகில் நாரும் கொண்ட துருக்கிய விற்களை ஆண்டுக்கணக்கில் காயவைத்தவர்கள் உண்டு என்பதைப் படித்திருந்தும், பார்சல் சீக்கிரம் வந்ததில் நான் மகிழ்ந்துதான் போனேன்.

பார்வைக்கு வில் அழகாகவே இருந்தது. முதுகு முழுவதும் சுருக்கமில்லாமல் தோல் போர்த்தி, இரு நுனிகளிலும் பிடியின் இரு ஓரங்களிலும் நார் சுற்றியிருந்தது. நுனியில் தெரிந்த நார், உலர்ந்த வச்சிரத்துக்கே உரிய தேன் நிறத்தோடு, ஐயத்துக்கு இடமில்லாத அசல் நார். அதைப் பார்த்தே உள்ளே இருப்பதும் அதுதான் என்று நம்பினேன். ஆனால் உலரும் நார் சுருங்கி வில்லின் நுனிகளை முன்பக்கமாக இழுக்கும் என்பதால், நாண் பூட்டாத நிலையில் ஓர் எதிர்வளைவு தெரிந்திருக்க வேண்டும். என் வில்லோ போனபடியே நேராகத் திரும்பியிருந்தது. கேட்டதற்கு, காற்றில் ஈரம் அதிகமாக இருப்பதாகவும் காயக் காய வளைவு வரும் என்றும் பதில் வந்தது. ஈரத்தில் நார் தளரும் என்பது உண்மையாகையால் அந்தப் பதிலையும் ஏற்றுக்கொண்டு மூன்று வாரம் காத்திருந்தேன்.

பிறகு நாண் பூட்டி, சிறிது சிறிதாக இழுத்துப் பார்த்தேன். 20 அங்குலத்தை நெருங்கியபோது சுள்ளி ஒடிவதுபோல் ஒரு சத்தம் கேட்டது. கணுவுக்கு அருகே தோல் விரல் தடிமனுக்குப் புடைத்து நின்றது. நாணை மெல்லத் தளர்த்திவிட்டு, தோலைக் கீறி உரித்தேன்.

உள்ளே நீளவாக்கில் ஒரே சீராகப் படிந்திருந்த இழைகள் நகத்தால் சுரண்டியதும் வெள்ளை வெள்ளையாக மெழுகை உதிர்த்தன. ஓர் இழையைப் பிடுங்கித் தீக்குச்சியில் காட்டினேன். அது உருகிக் கருமணியாகத் திரண்டது, மணமும் பிளாஸ்டிக் மணம். நுனியில் சுற்றியிருந்த நாரைக் காட்டியபோது சுருண்டு, முடி பொசுங்கும் வாடையோடு கரிந்து, விரலில் நசுக்கப் பொடியாயிற்று. இரண்டையும் வெதுவெதுப்பான நீரில் ஊறப்போட்டபோது நுனி நார் ஊதிக் குழைந்தது. மற்றது கடையில் வாங்கிய அன்று இருந்ததுபோலவே கிடந்தது. செயற்கை நார் என்ற பெயரில் விற்கும் மெழுகு பூசிய நூல் அது. தோல் தைக்க நல்ல பொருள்தான், நானும் வைத்திருக்கிறேன். ஆனால் அது வச்சிரத்தைக் குடிக்காது, உலர்ந்து சுருங்காது, மரத்தோடு ஒட்டி நிற்கவும் செய்யாது. மூன்று அடுக்கும் இல்லை, ஒன்றுதான் இருந்தது. அதன் அடியில், அறுபட்ட வளையத்தின் ஓரத்திலேயே மரம் பிளந்திருந்தது.

என் தவறும் இதில் உண்டு. அனுப்புவதற்கு முன் வில்லைக் காயவைத்த காலத்தில் எடை மாறாமல் நிற்கும்வரை சமையலறைத் தராசில் நிறுத்துக் குறித்து வந்தேன். கடைசிக் குறிப்பு 412 கிராம். திரும்பி வந்த வில்லை நிறுத்துப் பார்க்கத் தோன்றவே இல்லை. உரிப்பதற்குச் சற்று முன்புதான் நிறுத்தேன்: தோலையும் சேர்த்து 431. மூன்று அடுக்கு நாரும் பசையும் தோலும் 19 கிராமில் அடங்காது என்பதை அந்த ஒரு எண்ணே முதல் நாளில் சொல்லியிருக்கும். அனுப்புமுன் வில்லை ஒரு தாளில் கிடத்தி, அதன் கோட்டை வரைந்து வைத்திருந்தால் வளைவைப் பற்றிய வாதத்துக்கும் இடமிருந்திருக்காது. தோல் போர்த்தாமல் அனுப்பச் சொல்லியிருந்தாலோ, எல்லாவற்றையும் கண்ணாலேயே பார்த்திருப்பேன்.

படங்களை அனுப்பியபோது, செயற்கை நாரும் நார் வகைதான், விலங்கு நார் என்று தாம் எங்கும் எழுதவில்லை என்று பதில் சொன்னார். தேடிப் பார்த்தேன், உண்மையில் எழுதவில்லை, வச்சிரம் என்றுதான் எழுதியிருந்தார். பணத்தில் பாதியைத் தருவதாகவும், அதற்கு வில்லை முதலில் திருப்பி அனுப்ப வேண்டும் என்றும் சொல்கிறார். மெழுகு ஊறிய மரத்தில் இனி பசை எளிதில் பிடிக்காது என்றாலும், இழையும் கருமணியும் உரித்த தோலும் இருக்கும் உறையோடு சேர்த்து வில்லை என்னிடமே வைத்திருக்கிறேன்.