ஃப்ளோட் சர்வா, ஜம்ப் சர்வா? கோணக் கணக்கு ஃப்ளோட் பக்கம்

வாலிபால் சர்வில் போட்டி பெரும்பாலும் இந்த இரண்டுக்குள்தான். ஓடிவந்து எகிறி, மணிக்கட்டை மடக்கி, முன்சுழற்சியோடு விளாசும் ஜம்ப் சர்வ் ஒன்று. சுழற்சியே இல்லாமல் தட்டிவிட்டுப் பந்தைக் காற்றில் அலையவிடும் ஃப்ளோட் இன்னொன்று. நான் ஃப்ளோட் ஆள். ஆகவே இது நடுநிலையான அலசல் என்று யாரும் நம்ப வேண்டாம்.

வேகத்தில் ஜம்ப் சர்வ்தான் மேலே, அதில் பேச்சே இல்லை. மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் வரும் பந்து 18 மீட்டர் ஆடுகளத்தை ஏறத்தாழ 0.7 விநாடியில் கடந்துவிடும், 54 கி.மீ. ஃப்ளோட்டுக்கு 1.2 விநாடி. தோளுக்கு எது அதிக வேலை வைக்கும் என்பதும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

என்னைத் தீர்மானிக்க வைத்தது வேறு: பந்து கையைவிட்டுக் கிளம்பும் கோணத்தில் எத்தனை டிகிரி பிசகலாம்? ஆண்கள் நெட்டின் உயரம் 2.43 மீட்டர். பந்தின் ஆரத்தையும் சேர்த்தால், நெட்டைத் தாண்டும்போது பந்தின் மையம் 2.53 மீட்டருக்கு மேல் இருக்க வேண்டும். அப்புறம் அடுத்த 9 மீட்டருக்குள் தரை இறங்க வேண்டும். காற்றுத்தடையை ஒதுக்கிவிட்டுக் கணக்குப் போடலாம். லேசாக எகிறி 2.6 மீட்டர் உயரத்தில் 54 கி.மீ. வேகத்தில் தட்டினால், 11 டிகிரியிலிருந்து 16 டிகிரி வரை எது கிளம்பினாலும் உள்ளேதான் விழும். 5 டிகிரி தாராளம்.

அதே உயரத்தில் வேகத்தை 72 கி.மீ. ஆக்கிப் பாருங்கள். நெட்டைத் தாண்ட ஏறக்குறைய 6 டிகிரி வேண்டும்; எல்லைக் கோட்டுக்குள் விழ 5 டிகிரிக்குக் கீழே அடிக்க வேண்டும். இரண்டும் ஒன்றாக நடக்காது, அதாவது வழியே இல்லை! 3 மீட்டர் உயரத்தில் 90 கி.மீ. வேகம் என்றாலும் இதே கதை: நெட்டுக்காக 1 டிகிரி மேல்நோக்கி, கோட்டுக்காக 1 டிகிரி கீழ்நோக்கி. நிஜத்தில் காற்றுத்தடை கொஞ்சம் கைகொடுக்கும், ஆனால் அதை நம்பி அடிக்க முடியாது.

மூடிய அந்த வழியைத் திறப்பது முன்சுழற்சி. அதனால் எழும் மேக்னஸ் விசை பந்தைக் கீழே அழுத்துகிறது. அந்த விசை பந்தின் எடை அளவுக்கு இருந்தால், 90 கி.மீ. வேகத்தில் 5 டிகிரிக்கும் 7 டிகிரிக்கும் நடுவே ஒரு சந்து கிடைக்கும். சந்து குறுகல் என்பதுகூடப் பரவாயில்லை, அது ஒரே இடத்தில் நிற்பதில்லை. மணிக்கட்டு சரியாக மடங்காமல் சுழற்சி பாதியானால், பாதுகாப்பான கோணம் 3 டிகிரிப் பக்கம் நழுவிவிடும். நேற்று உள்ளே விழுந்த அதே 6 டிகிரி இன்று நேராக வெளியே. கோணம், வேகம், சுழற்சி மூன்றும் ஒவ்வொரு முறையும் ஒத்துவர வேண்டும். ஃப்ளோட்டில் கோணமும் வேகமும் போதும். சர்வ் தவறினால் புள்ளி எதிரணிக்குப் போகும் இன்றைய விதியில் இது சின்ன வித்தியாசம் இல்லை.

அப்படியானால் ஃப்ளோட் சொத்தை சர்வா? இல்லை. சுழலாத பந்தின் மேல் ஓடும் காற்று, தையலையும் பேனலையும் (மேலுறையின் துண்டுகள்) பொறுத்து ஒரு பக்கம் முந்தியும் மறுபக்கம் பிந்தியும் பிரிகிறது. அதனால் பக்கவாட்டில் உந்தல் வரும், திசையும் மாறிக்கொண்டே இருக்கும். இன்னொன்று: இந்த அளவுப் பந்துக்கு, ஏறத்தாழ 50 கி.மீ. சுற்றுவட்டாரத்தில் காற்றுத்தடை சட்டென்று மாறும் கட்டம் ஒன்று உண்டு. ஃப்ளோட் பறப்பது அந்த வேகத்தில்தான். பாதி வழியில் தடை கூடிவிட்டால், ரிசீவர் கை நீட்டி வைத்த இடத்துக்கு முன்னாலேயே பந்து பொத்தென்று இறங்கிவிடும். பேனல் அமைப்பு மாறினால் இந்த வேகமும் மாறும் என்பதால், புதுப் பந்து வந்தால் கொஞ்சம் தட்டிப் பார்த்துக்கொள்வது நல்லது.

அடிக்கும் விதம் முக்கியம். உள்ளங்கையின் அடிப்பாகம் பந்தின் நடுவில் பட வேண்டும், மணிக்கட்டு விறைப்பாக, பட்டதும் கை அங்கேயே நிற்க வேண்டும். வால்வை ஒரு குறிப்பிட்ட பக்கம் திருப்பி வைத்து அடிப்பவர்களும் உண்டு; நான் அதில் மெனக்கெடுவதில்லை.

ஜம்ப் சர்வைப் பயிற்சியில்தான் அதிகம் அடித்திருக்கிறேன், ஆட்டத்தில் குறைவு. அதனால் அதன் மேல்மட்ட நுணுக்கங்களில் என் வார்த்தையை இறுதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். காற்று வீசும் திறந்தவெளியிலும் நான் ஆடியது கொஞ்சம்தான். அங்கே ஃப்ளோட் அடித்தவரையே ஏமாற்றவும் கூடும். உயரம் எட்டுபவர்களுக்குக் கணக்கும் மாறும்: 3.4 மீட்டரில் அடித்தால், அதே வேகத்தில், அதே சுழற்சியில் சந்தின் அகலம் 3 டிகிரிக்குச் சற்று மேல். அவர்கள் விளாசட்டும். 2.6 மீட்டரில் கை நிற்பவருக்கு ஃப்ளோட்.