ட்சுவா, நுவா, தாரியா, ரியா? பழைய ஜப்பானியத்தில் ஒரு செயல் முடியும் விதங்கள்

இன்றைய ஜப்பானியத்தில் வினையோடு 'தா' சேர்த்தால் இறந்தகாலம் கிடைத்துவிடும். ஹேயான் காலத்தில் (794–1185) இந்த வேலையை ஆறு துணைவினைகள் பங்கு போட்டுக்கொண்டன: கி, கெரி, ட்சு, நு, தாரி, ரி. முதல் இரண்டும் காலம் பற்றியவை. கி, பேசுபவர் தானே நேரில் அறிந்ததற்கு. கெரி கேள்விப்பட்டதற்கும் சட்டென்று உணர்ந்ததற்கும். அவை இருக்கட்டும். மற்ற நான்கையும் ஜப்பானியப் பள்ளி இலக்கணம் 'முடிவு' என்ற ஒரே தலைப்பில் அடைத்துவிடுகிறது. குழப்பம் அங்கேதான்.

ட்சு, நு இரண்டுக்கும் வழக்கமாகச் சொல்லும் விதி இது: செயப்படுபொருள் உள்ள வினைக்கு ட்சு, இல்லாததற்கு நு. நு பிறந்தது 'போய்விடு' என்னும் இநுவிலிருந்து, ட்சு பிறந்தது 'எறி' என்னும் உட்சுவிலிருந்து என்பது பரவலான கருத்து. உதிர்ந்து போயிற்று, கிழித்துப் போட்டான் என்று பேசுகிற நமக்கு இது உடனே பிடிபடும்.

ஆனால் விதி பாதிதான் சரி. 'ஆரி' (இரு) செயப்படுபொருள் ஏற்காது. ஆனாலும் 'ஆரிட்சுரு', அதாவது சற்றுமுன் இருந்த, என்ற வடிவம் அடிக்கடி வருகிறது. நு ஒரு புதிய நிலைக்குள் நுழைவதைக் காட்டுகிறது, ட்சு நடந்துகொண்டிருந்ததை முடித்துவைக்கிறது என்று பிரிப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. இரண்டுமே இறந்தகாலம் அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 'இசே கதைகள்' என்ற ஹேயான் கால நூலில் சுமிதா ஆற்றுப் படகோட்டி, தலைநகரை நினைத்து ஏங்கி நிற்பவர்களை அவசரப்படுத்துகிறான்: "சீக்கிரம் ஏறுங்கள், ஹி மோ குரேநு." பொழுது சாய்ந்துவிடப் போகிறது என்றுதான் உரைகள் பொருள் சொல்கின்றன.

தாரியும் ரியும் பொருளில் கிட்டத்தட்ட ஒன்று. இரண்டிலும் ஆரி ஒளிந்திருக்கிறது. தே + ஆரி = தாரி, நம் 'வந்து + இரு' போலவே. ரியில் நடுவே தே கிடையாது: சாகி + ஆரி = சாகேரி, 'பூத்திருக்கிறது'. அதனால் ரி, நான்குபடி வினைகளோடும் (ஈறு அ, இ, உ, எ என நான்கு உயிர்களில் மாறுபவை) 'சு' (செய்) வினையோடும் மட்டுமே ஒட்டும். இதை மனப்பாடம் செய்ய மாணவர்கள் 'ரிகா-சான் சாமிஷீ' என்கிறார்கள், ரிகாவுக்குத் தனிமையாம்! ('சா' சு வினையையும், நான்கு என்று பொருள்படும் 'ஷி' நான்குபடியையும் நினைவூட்டும்.) தாரி ஏறக்குறைய எல்லா வினையோடும் சேர்ந்தது. ரி வழக்கொழிந்தது, தாரி தேய்ந்து இன்றைய 'தா' ஆனது.

நான்கில் தேறியது தாரிதான். நுட்பம் என்று பார்த்தால் என் ஓட்டு ட்சுவுக்கு. 11ஆம் நூற்றாண்டின் 'கெஞ்சி கதை' என்ற நாவலில் சிறுமி முராசாகி அழுதுகொண்டே சொல்வது: "குருவிக்குஞ்சை இநுகி (உடன் இருக்கும் சிறுமி) நிகாஷிட்சுரு (பறக்கவிட்டுவிட்டாள்). கூடைக்குள் கொமேதாரிட்சுரு (அடைத்து வைத்திருந்தேனே)!" தாரி அடைபட்டிருந்த நிலையைச் சொல்கிறது, பின்னாலேயே ட்சு வந்து அந்த நிலையை அறுக்கிறது. இன்றைய ஜப்பானியத்தில் இதைச் சொல்ல வெறும் 'தா' போதாது. பறக்கவிட்டதற்கு 'தே ஷிமாவு' (செய்துவிடு), அடைத்ததற்கு 'தே ஓகு' (செய்து வை) என்று இரண்டு துணைவினைகளை உதவிக்குக் கூப்பிட வேண்டியிருக்கிறது.