தூத்துக்குடி உப்புக்காற்றில் நின்ற அம்பாசடர்: எஞ்சினையும் கியர்பாக்ஸையும் பிரித்ததும் அதற்குப் பின் சில வருடங்களும்

அம்பாசடர் எஞ்சினும் கியர்பாக்ஸும் துருவில் ஒட்டிக்கொண்டால், போல்ட் கழற்றுவது பாதி வேலைகூட இல்லை. அத்தனை போல்ட்டும் வந்த பிறகும் இரண்டும் அசையாது. எதைத் தெளித்தேன், எது உதவியது, சில வருடங்கள் ஓட்டிவிட்டு மறுபடி திறந்தபோது உள்ளே எப்படி இருந்தது என்பதையெல்லாம் எழுதி வைக்கிறேன். இதே வேலையில் இருப்பவர்களுக்குப் பயன்படும்.

வண்டி மார்க் 4 பெட்ரோல், 1489 சிசி. 1950களின் பிரிட்டிஷ் பிஎம்சி பி-சீரிஸ் வடிவமைப்பில் வந்த எஞ்சின். தூத்துக்குடியில் உப்பளப் பக்கம் தகரக் கொட்டகையில் பல வருடம் நின்றதால் எஞ்சின் சுற்றவே இல்லை. கிளட்ச் மிதித்தாலும் பலனில்லை. ரேடியேட்டர், பானட், முன் கிரில் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, கியர் ஆயிலை வடித்து, செயின் பிளாக்கில் இரண்டையும் சேர்த்தே வெளியே தூக்கினோம். இதைத்தான் எல்லோருக்கும் சொல்வேன். வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு பிரிக்கப் பார்த்தால் இடமும் கிடைக்காது, நேராக இழுக்கவும் முடியாது.

ஒரு விஷயத்தில் அம்பாசடர்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். ஆட்டோமேட்டிக் வண்டியாக இருந்தால் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரின் போல்ட் ஒவ்வொன்றையும் எட்ட, எஞ்சினின் சுழல் தண்டான கிராங்கைச் சுற்றியாக வேண்டும். எஞ்சின் ஜாம் என்றால் அங்கேயே வேலை நின்றுவிடும். இதில் கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட், எஞ்சினின் பின்னால் உள்ள கனமான சக்கரமான ஃப்ளைவீலோடு தங்கிவிடும், கியர்பாக்ஸ் தனியாக உருவி வரும். எஞ்சின் சுற்ற வேண்டிய அவசியமே இல்லை.

கிளட்சை மூடியபடி எஞ்சினோடு சேரும் கியர்பாக்ஸின் முன் கூடுதான் பெல் ஹவுசிங். அதன் போல்ட்டுகளுக்கு இஞ்ச் ஸ்பானர் கட்டாயம். அரை இஞ்ச் என்றால் 12.7 மி.மீ. அதில் 13 ஸ்பானரைப் போட்டால் நல்ல போல்ட் தலை தாங்கிவிடும், துருப்பிடித்த தலை உருண்டுவிடும். எந்த போல்ட்டையும் முதலில் ஒரு நூல் அளவு இறுக்கி, துரு உடைந்த பிறகுதான் திருப்பிக் கழற்ற வேண்டும்.

ஸ்பிரே விஷயத்துக்கு வருகிறேன். டபிள்யூடி-40 நீல டப்பா ஈரத்தை விரட்ட நல்லது. அந்தப் பெயரே தண்ணீரை அகற்றும் கலவை, 40ஆவது முயற்சி என்றுதான் பொருள்படும். ஆழத் துருவுக்கு அது எனக்குப் போதவில்லை. ஏடிஎஃப் எனப்படும் ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெயையும் அசிட்டோனையும் சம பங்காகக் கலந்தது அதைவிட நன்றாக உள்ளே இறங்கியது. இரண்டும் பிரிந்து நிற்கும் என்பதால் ஒவ்வொரு முறையும் குலுக்க வேண்டும். பெயின்ட்டையும் ரப்பரையும் அசிட்டோன் தின்றுவிடும், தீப்பொறியும் அருகில் ஆகாது. மெக்கானிக் அண்ணன் பரிந்துரைத்த மண்ணெண்ணெய் மலிவுதான், ஆனால் பல நாள் ஊற வேண்டும், முன்போல் எளிதில் கிடைப்பதும் இல்லை.

போல்ட் எல்லாம் வெளியே வந்த பிறகும் கியர்பாக்ஸ் அசையாமல் இருந்தபோது மெக்கானிக் அண்ணன் சொன்னது: "தம்பி, இனிமே அடிக்காதீங்க. எங்க பிடிச்சிருக்குன்னு மொதல்ல பாருங்க."

பிடித்திருந்தது டவல் பின்களில், அதாவது எஞ்சினும் பெல் ஹவுசிங்கும் இம்மி பிசகாமல் நேராகப் பொருந்த வைக்கும் இரும்பு முளைகளில். எஞ்சின் பிளாக் வார்ப்பிரும்பு, நடுவில் இரும்புத் தகடு, அதன் மேல் அலுமினிய பெல் ஹவுசிங். உப்பீரத்தில் இரண்டு உலோகமும் தொட்டுக்கொண்டிருந்தால் முதலில் அரிபடுவது அலுமினியம். பின்னைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்து, அந்தப் பொடி உலோகத்தைவிடக் கூடுதல் இடம் எடுத்துக்கொண்டு இறுக்கியிருந்தது. இதற்குச் சூடு கைகொடுத்தது. அதே சூட்டில் இரும்பைவிட அலுமினியம் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், அதனால் பின்னைச் சுற்றியுள்ள காதை (ஓட்டை உள்ள அலுமினிய நீட்சியை) மட்டும் ஹீட் கன்னால் சூடாக்கினால் ஓட்டை விரிந்துகொடுக்கும். தெளித்ததைத் துடைத்து நன்றாக உலர விட்ட பிறகே சூடு காட்டினோம். காஸ் வெல்டிங் விளக்கை இங்கே கொண்டுவரவே கூடாது. அலுமினியம் 660 டிகிரியிலேயே உருகும், இரும்பைப்போல் சிவந்து எச்சரிக்கை தராது. காது அப்படியே உதிர்ந்துவிடும்.

இடுக்கில் இரு பக்கமும் மெல்லிய பித்தளை ஆப்பு வைத்து மாறி மாறி லேசாகத் தட்டினோம். ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பினால் அலுமினிய விளிம்பு பள்ளமாகிவிடும், பிறகு வாழ்நாளெல்லாம் சரியாகப் பொருந்தாது. கியர்பாக்ஸின் எடையையும் ஜாக்கியில் தாங்கியே வைத்திருந்தோம். கியர்பாக்ஸிலிருந்து கிளட்ச் பிளேட்டுக்குள் நுழையும் ஷாஃப்டில் அது தொங்கினால் கிளட்ச் பிளேட்டின் நடு வளைந்துவிடும்.

விரலளவு இடைவெளி வந்ததும் மறுபடி நின்றது. டவல் விட்டுவிட்டது, இப்போது ஷாஃப்ட் பிடிக்கிறது என்று பொருள். கிளட்சை விடுவிக்கும் நெம்புகோலான கிளட்ச் ஃபோர்க் வெளியே வரும் ஓட்டை வழியாக நீளக் குழாயில் எண்ணெய் விட்டோம். பிறகு கியர்பாக்ஸை டாப் கியரில் போட்டு, ஃபோர்க்கை அழுத்திப் பிடித்தபடி கியர்பாக்ஸின் பின்பக்க ஷாஃப்டைப் பைப் ரென்ச்சால் முன்னும் பின்னும் திருப்பினோம். டாப் கியரில் விகிதம் ஒன்றுக்கு ஒன்று என்பதால் திருப்பும் விசை நேராகக் கிளட்ச் பிளேட்டுக்குப் போகும். முதலில் கிளட்ச் பிளேட்டின் உராய்வுப் பரப்பான லைனிங் ஃப்ளைவீலிலிருந்து விட்டது. அதன்பின் ஷாஃப்ட் முனை கிராங்கில் உள்ள வெண்கல புஷ்ஷுக்குள் (தாங்கு வளையத்துக்குள்) சுற்றத் தொடங்கியது. ஒரு பெருமூச்சு விடுவதற்குள் பெட்டி கையோடு வந்துவிட்டது.

நீண்ட நாள் அனுபவம் என்று சொல்லத்தக்கது இதற்குப் பிறகுதான். பூட்டும்போது டவலுக்கும் போல்ட்டுக்கும் உலோகம் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும், செம்பு கலந்த ஆன்டி-சீஸ் பசையைப் பூசினேன். ஷாஃப்டின் பல் வரிகளான ஸ்ப்லைனில் மோலி கிரீஸ் சும்மா ஒரு படலம், மிச்சத்தைத் துடைத்தேன், இல்லாவிட்டால் சுழலும்போது தெறித்து லைனிங்கைக் கெடுத்துவிடும். புதிய புஷ்ஷை எஞ்சின் ஆயிலில் ஊற வைத்துப் போட்டேன். அதன் நுண்துளைகள்தான் எண்ணெயைத் தாங்கும், கிரீஸ் தடவினால் அடைபட்டுவிடும்.

சில மழைக்காலங்கள் கழித்து கிளட்ச் வழுக்கியதால் மறுபடி திறந்தோம். பழைய பி-சீரிஸில் கிராங்கின் பின்முனையில் ரப்பர் சீல் கிடையாது. எண்ணெயைத் திருப்பி அனுப்பும் ஸ்குரோல் திருகுதான் இருக்கும், தேய்மானம் வந்தால் கசிவும் வரும். எண்ணெய் லைனிங்கில் இறங்கியிருந்தது. ஆனால் பெல் ஹவுசிங் இந்த முறை ஆப்பில்லாமல், சூடில்லாமல் இரண்டு கையால் இழுத்ததும் வந்தது! டவல் சாம்பல் நிறத்தில் சுத்தமாக இருந்தது, வெள்ளைப் பொடி ஒரு துளியும் இல்லை. ஆன்டி-சீஸுக்கு முழு மதிப்பெண் தருகிறேன். அந்தக் குட்டி டியூப் கொடுத்த காசுக்கு மேலேயே உழைத்திருக்கிறது.

குறை ஒன்று உண்டு. நடுத் தகட்டின் கீழ் விளிம்பு மறுபடி துருப்பிடித்திருந்தது, மழைத் தண்ணீர் தேங்குவது அங்கேதான். இப்போது ஜிங்க் பிரைமர் அடித்திருக்கிறேன். ஃபோர்க் ஓட்டையின் கிழிந்த ரப்பருக்குப் பதிலாகச் சென்னை புதுப்பேட்டையில் கிடைத்ததைப் போட்டேன். உள்ளே ஈரம் நுழையும் பெரிய வாசல் அந்த ஓட்டைதான், அதனால் கடற்கரை ஊர்க்காரர்கள் எஞ்சினைத் தொடாவிட்டாலும் அந்த ரப்பரை மட்டுமாவது இந்த மழைக்கு முன் ஒருமுறை எட்டிப் பாருங்கள்.