ஆற்காடு ரோடு பக்கம் ஒரு மினி ஹால்: ஞாயித்துக்கிழமை கிறிஸ்தவ சபை நடத்த சரிப்படுமா?

முதல்லயே சொல்லிடறேன், ஹால் பேர் போடல. ஓனர் நல்ல மனுஷன், ஆனா குறை சொல்ற இடமும் நிறைய இருக்கு, அடுத்த மாசமும் நான் அதே படியில ஏறணும். சென்னையில வளசரவாக்கத்துக்கும் போரூருக்கும் நடுவுல, மெயின் ரோட்டுல இருந்து உள்ள திரும்பி ரெண்டு நிமிஷம் நடந்தா வரும், கீழ மெடிக்கல் ஷாப், ஃபேன்சி ஸ்டோர், மேல மாடியில ஹால். வளைகாப்பு, காதுகுத்து, பர்த்டே பார்ட்டி, சின்ன ரிசப்ஷன் எல்லாம் நடக்குற இடம்.

நான் எதுக்கு தேடுனேன்னா, ஒரு சபை ஆரம்பிக்கப் போறோம். பெரிய சபை ஒண்ணுல 8 வருஷம் உதவி போதகரா இருந்துட்டு, அங்க ஆசீர்வாதத்தோட வெளிய வந்து (சண்டை போட்டு பிரிஞ்சு வரல, அத தனியா சொல்ல வேண்டியிருக்கு பாருங்க, நம்ம ஊர் நிலைமை அப்படி) இந்த ஏரியாவுல புதுசா தொடங்கலாம்னு. இப்போதைக்கு எங்க வீட்டு ஹால்ல வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டம், 19 பேர், அதுல 5 குட்டிங்க. செருப்பு மாடிப்படி முழுக்க நிக்குதுன்னு எதிர் ஃபிளாட் அம்மா ரெண்டு தடவை சொல்லிட்டாங்க, அவங்க சொல்றதும் நியாயம்தான். சொந்தமா இடம் வாங்கி கோவில் கட்டலாமேன்னு ஊர்ல அம்மா ஈஸியா கேட்டாங்க. புதுசா வழிபாட்டு கட்டடம் கட்டணும்னா கலெக்டர் அனுமதி வரைக்கும் போகணும், அதுக்கு முன்னாடி ஆற்காடு ரோட்டுப் பக்கம் ஒரு கிரவுண்ட் என்ன விலைன்னு கேட்டாலே ஜெபம் தானா வரும். அதனால வாடகை ஹால்.

வெளியில இருந்து பாக்குறவங்களுக்கு சபை தொடங்கப் போற பாஸ்டர்னா நாள் முழுக்க முழங்கால்ல இருப்பார்னு ஒரு நினைப்பு. காலையில 5 மணிக்கு எழுந்து ஜெபம், வேதம் எல்லாம் உண்டு, இல்லைன்னு சொல்லல. அப்புறம் பாப்பாவ ஸ்கூல்ல விட்டுட்டு, மனைவிய பஸ் ஸ்டாப்ல விட்டுட்டு (அவங்க டீச்சர், இப்போதைக்கு வீடு ஓடுறது அந்த சம்பளத்துலதான்) 9 மணியில இருந்து நான் பாக்குறது எல்லாம் டிரஸ்ட் பத்திரம் எழுதுறது, சப் ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ், பான் கார்டு, பேங்க்ல போய் அக்கவுண்ட் ஓப்பன் பண்ண உக்காருறது, சாயந்திரம் யாராவது ஆஸ்பத்திரியில இருந்தா போய் பாக்குறது. நடுவுல ஹால் வேட்டை. மொத்தம் 14 ஹால் பாத்தேன், அதுவும் மெட்ரோ வேலைக்கு ரோட்ட அடைச்சு வச்சிருந்த நேரத்துல, ஸ்கூட்டர்ல. 6 பேர் சபைன்னு சொன்னதுமே தலைய ஆட்டிட்டாங்க. அதுல ஒருத்தர் காரணம் ரொம்ப நேர்மையா சொன்னார், "எனக்கு சாமி பிரச்சனை இல்ல சார், டிரம்ஸ்தான் பிரச்சனை". அவரத் தப்பு சொல்ல முடியல.

இந்த ஹால் ஓனர் ஐயாவுக்கு எழுபது வயசு இருக்கும், நெத்தி நிறைய விபூதி. உக்கார வச்சு காபி குடுத்து கேட்ட முதல் கேள்வி, "முகூர்த்த நாள்ல என்ன பண்ணுவீங்க?" எனக்கு புரியல. அவரே சுவத்துல மாட்டியிருந்த தினசரி காலண்டரக் கழட்டி டேபிள்ல வச்சு, ஆவணி, ஐப்பசி, கார்த்திகை, தை, மாசின்னு புரட்டி எந்தெந்த ஞாயிறு முகூர்த்தம்னு ஒவ்வொண்ணா காட்டினார். ஞாயிறும் முகூர்த்தமும் சேர்ந்து வந்தா எல்லாருக்கும் லீவு, அதனால அந்த தேதிதான் முதல்ல புக் ஆகும், ஒரு வருஷம் முன்னாடியே கூட. அந்த ஒரு நாள்ல அவருக்கு வர்ற காசு நான் குடுக்குறத விட பல மடங்கு. அப்போ என் சபைக்கு அன்னிக்கு இடமில்ல. பாஸ்டரா இத்தனை வருஷத்துல முகூர்த்த நாள் பாத்ததே கிடையாது, என் கல்யாணமே லெந்து நாள் (ஈஸ்டருக்கு முன்னாடி வர்ற தவக்காலம்) வராம பாத்து வச்சதுதான். இப்போ என் பையில பைபிள், நோட்டு, கூடவே முகூர்த்த தேதி பேப்பர் ஒண்ணு. மனைவி பாத்துட்டு சிரிச்ச சிரிப்பு இன்னும் நிக்கல.

ஆனா இதே கணக்குல எங்களுக்கு ஒரு லாபமும் இருக்கு, ஹால் தேடுற மத்த ஊழியக்காரங்க கவனிங்க. ஆடி, மார்கழியில கல்யாணம் கிடையாது, புரட்டாசியிலயும் பலர் வைக்க மாட்டாங்க. அந்த மாசங்கள்ல ஹால் காலியா கெடக்கும், கரண்ட் பில்லுக்காவது ஆள் வரட்டும்னு ஓனருங்க இறங்கி வருவாங்க. நான் போய் பேசினது ஆடி 10ஆம் தேதி வாக்குல, அரை நாளுக்கு 5,000 சொன்னவர் 3,500க்கு வந்தார். அப்புறம் யோசிச்சு பாருங்க, கிறிஸ்துமஸ் விழுறதே மார்கழியில! டிசம்பர் 24 ராத்திரி, 25 காலை, 31 ராத்திரி வருஷ முடிவு ஆராதனை, எல்லாத்துக்கும் ஹால் ஃப்ரீ. ஒரு போட்டியும் இல்ல. அதனாலதான் தொடக்க ஆராதனைய டிசம்பர் 3வது ஞாயிறுன்னு வச்சோம். ஜெபிச்சு எடுத்த தேதியான்னு ஒரு பிரதர் கேட்டார், ஆமா பிரதர், ஜெபமும் பண்ணேன் காலண்டரும் பாத்தேன்னு சொன்னேன்.

முகூர்த்த ஞாயிறுக்கு என்ன வழின்னு ரொம்ப நாள் மண்டைய உடைச்சேன். கடைசியில வழி சொன்னது வாட்ச்மேன் அண்ணன். கல்யாணம்னா மதியம் 2 மணிக்கு பந்தி முடிஞ்சு 3 மணிக்கெல்லாம் காலி பண்ணிடுவாங்க, நீங்க சாயந்திரம் வெச்சுக்கோங்க ஃபாதர்னார். (ஃபாதர் இல்ல அண்ணே பாஸ்டர்னு நாலு தடவை திருத்திட்டு விட்டுட்டேன். ஒரு நாள் என் பொண்ணு ஓடி வந்து அப்பான்னு கால கட்டிக்கிச்சு, அவர் முகம் போன போக்க பாக்கணுமே.) 5 மணி ஆராதனைன்னு மாத்தினதும் வெள்ளிக்கிழமை கூட்டத்துல கேட்டா, அதுல 4 பேருக்கு ஞாயிறு காலை வேலை. ஒருத்தங்க நர்ஸ், ஒருத்தர் அபார்ட்மென்ட் செக்யூரிட்டி, ரெண்டு அக்கா வீட்டு வேலைக்குப் போறவங்க, ஞாயிறு காலையிலதான் அந்த வீட்டுல விருந்தாளி வருவாங்களாம். இத்தனை மாசமா எங்கிட்ட சொல்லவே இல்ல, நானும் கேக்கவே இல்ல. இன்னொண்ணு, காலையில வேற சபைக்குப் போறவங்கள இழுக்குறோம்ங்கற பேரும் வராது. ஆடு திருடுறான்னு பேர் வாங்குனா இந்த ஊர்ல ஒரு போதகரும் முகம் குடுத்து பேச மாட்டாங்க.

இப்போ ஹாலுக்கு வரேன். ட்ரையலா இதுவரைக்கும் 3 தடவை எடுத்திருக்கோம்.

படி 22. லிஃப்ட் இல்ல. மூணு தடவையும் ஒரு பாட்டி கைப்பிடியப் பிடிச்சு ரெண்டு படிக்கு ஒருக்கா நின்னு நின்னுதான் ஏறினாங்க, மேல வந்து சேர்ந்தப்போ ரெண்டாவது பாட்டு முடிஞ்சிருந்தது. வீல்சேர்னா வாய்ப்பே இல்ல. இது எனக்கு நெஞ்சுல குத்துது, இதுக்கு ஒரு பதில் இன்னும் எங்கிட்ட இல்ல.

சேர் 120 இருக்குன்னு சொன்னாங்க, எண்ணிப் பாத்தேன் 93, அதுல 11 கால் ஆடுது. எங்களுக்கு இப்போ 40 போதும், அதனால பிரச்சனை இல்ல. முன்னாடி ஜமுக்காளம் விரிச்சு உக்காருறோம், சின்னப் பசங்களுக்கு அதுதான் சௌகரியம்.

சவுண்டு மோசம். தரையெல்லாம் டைல்ஸ், மேல பிஓபி சீலிங், ஒரு பக்கம் முழுக்க கண்ணாடி, கை தட்டுனா தட்டுன கைய விட எதிரொலி நல்லா கேக்குது. முதல் தடவை நான் பிரசங்கம் பண்ணப்போ கடைசி வரிசையில இருந்த தம்பி அப்புறமா சொன்னான், "பாஸ்டர், நீங்க ரெண்டு பேரு பேசுற மாதிரி இருந்துச்சு". ஸ்பீக்கர் பெருசா வாங்கணும்னு சில பேர் சொன்னாங்க, வாங்காதீங்க. கண்ணாடி பக்கம் தடிமனா பழைய திரை நாலு மாட்டி, தரையில ஜமுக்காளம் போட்டு, வால்யூம குறைச்சதும் பாதி சரியாயிடுச்சு. செலவு 1,800 ரூபா. குடியிருப்பு பகுதியில பகல்ல 55 டெசிபல்தான் சட்டம், ராத்திரி 10ல இருந்து காலை 6 வரைக்கும் வெளிய கேக்குற மாதிரி ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. போன்ல ஒரு ஆப் போட்டு பக்கத்து வீட்டு வாசல்ல நின்னு அளந்தேன், அந்த வீட்டுக்காரர் வெளிய வந்து என்ன சார்னு கேட்டார், சொன்னேன், ஆச்சரியமா பாத்துட்டு உள்ள போனார். போன் ஆப் துல்லியம் இல்லதான், ஆனா அவருக்கு நான் அளந்தது தெரியும் இல்ல, அது போதும். டிரம்ஸ் வேணாம்னு முடிவு பண்ணிட்டோம், கீபோர்டு, தபலா, அவ்ளோதான். கீர்த்தனைக்கு தபலாதான் அழகும் கூட.

டாய்லெட் 2. ஒண்ணுல குழாய் ஒழுகுது, மூணு தடவையும் அதே குழாய், அதே ஒழுகல்.

க்ளீனிங்குக்கு 500 தனியா வாங்குறாங்க, ஆனா முந்தின ஃபங்ஷன் வாசனை போகாது. ரெண்டாவது ட்ரையல் அன்னிக்கு காலையில அங்க வளைகாப்பு, நாங்க போனப்போ ஜன்னலோரம் வளையல் துண்டு, மூலையில ரோஜா இதழ், ஹால் முழுக்க புளியோதரை வாசனை. பசங்க ஆராதனை முடியுற வரைக்கும் சாப்பாடு எப்போ எப்போன்னு கேட்டுட்டே இருந்துச்சுங்க. எனக்கே நம்ம ஊர் கோவில் அசனம் (சபையில எல்லாரும் சேர்ந்து சாப்பிடுற விருந்து) ஞாபகம் வந்துடுச்சு, பெரிய கிடாரம், வாளியோட ஓடுற அண்ணன்மாரு. இங்க அடுப்பு பத்த வைக்க அனுமதி இல்ல, டீ ஃப்ளாஸ்க்ல கொண்டு வரலாம், பன் வெளிய வாங்கிக்கலாம்.

ஜெனரேட்டர் உண்டு, டீசல் காசு நம்மளுது. இத புக் பண்ணும்போது சொல்லவே இல்ல, கரண்ட் போனப்புறம்தான் சொன்னாங்க, எனக்கு உண்மையிலேயே கோவம் வந்துச்சு. அட்வான்ஸ் 20,000க்கு வெள்ளைப் பேப்பர்ல கையெழுத்து போட்டுக் குடுத்தாங்க, பில் கேட்டா 18% ஜிஎஸ்டி மேல வரும்னு சொல்லி சிரிச்சார். டிரஸ்ட் கணக்குக்கு எனக்கு பில் வேணும்னு விடாம கேட்டதுல இனிமே குடுக்குறதா சொல்லியிருக்கார், பாக்கலாம். காணிக்கைக் காசு, பில் இல்லாம செலவு பண்ண மனசு வராது.

வெளிய போர்டு வைக்கக் கூடாதுங்கறது கண்டிஷன். படிக்கு உள்பக்கம் ஒரு ஸ்டாண்டி வச்சுக்கலாம், முடிஞ்சதும் எடுத்துடணும். முதல்ல கொஞ்சம் வருத்தமா இருந்துச்சு. பைபிள்ல வர்ற பவுல் எபேசுல ரெண்டு வருஷம் போதிச்சது திறன்னுங்கறவரோட பள்ளிக்கூடத்துல, ரோம்ல வாடகை வீட்டுல, அங்கெல்லாம் வாசல்ல போர்டு இருந்ததா எழுதல, அப்படின்னு மனச தேத்திக்கிட்டேன். ஆனா நடைமுறையில புதுசா வர்றவங்க மெடிக்கல் ஷாப்ல போய் வழி கேக்குறாங்க, அந்த தம்பிக்கு மூணாவது தடவையில கொஞ்சம் கடுப்பு, இப்போ எங்க வீட்டு மருந்து எல்லாம் அவர் கடையிலதான் வாங்குறேன்.

பார்க்கிங் 8 பைக், ஒரு கார். மத்தவங்க பஸ்ல வாங்க.

5க்கு 3.5 குடுக்குறேன். அரை மார்க் வாட்ச்மேன் அண்ணனுக்கு. முந்தாநாள் போன் பண்ணி, "ஃபாதர், தை மாசத்துல ரெண்டு ஞாயிறு புக் ஆயிடுச்சு, ரெண்டும் காலையிலதான், சாயந்திரம் உங்களுக்கு விட்டு வெச்சிருக்கேன், நாலு மணிக்கு வந்தீங்கன்னா நானும் கூட சேர்ந்து கூட்டிடறேன்"னார். நான் துடைப்பம் ரெண்டு வாங்கி வச்சிருக்கேன்.