டபிள்யூஜிசிஎன்ஏ: மாட்யூல் பிரிக்க அருமை, பி-வேல்யூவைக் குலுக்கிப் பார்த்து எடுங்கள்

வேலூர் முள்ளு கத்திரிக்காயில் எந்த ஜீன் கூட்டத்தின் செயல்பாடு முள்ளின் எண்ணிக்கையை ஒட்டி ஏறி இறங்குகிறது என்று பார்க்கணும். இலவம்பாடிப் பக்கம் ஒரு அண்ணன் தோட்டத்தில் பறித்த 24 செடிகளின் இலை, காட்பாடி ரூமில் ஒரு லேப்டாப், இவ்வளவுதான் என் கையில் இருந்தது. ஆறு மாதமாக டபிள்யூஜிசிஎன்ஏவை (WGCNA, சேர்ந்து ஏறி இறங்குகிற ஜீன்களை நெட்வொர்க்காகக் கட்டி, மாட்யூல் என்ற கட்டுகளாகப் பிரிக்கும் மென்பொருள்) ஓட்டுகிறேன். லாங்ஃபெல்டரும் ஹோர்வாத்தும் 2008இல் கட்டுரையாக வெளியிட்ட, ஆர் (R) என்ற புள்ளியியல் மொழிக்கான பேக்கேஜ், இலவசம்தான். ஐந்துக்கு நான்கு தருவேன்.

மாட்யூல் பிரிப்பதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. சேர்ந்து நடக்கிற ஜீன்களைக் கட்டுக்கட்டாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறத்தின் பெயர் வைக்கும், பெரிய கட்டு டர்க்காய்ஸ், எதிலும் ஒட்டாதது கிரே. கட்டு மொத்தத்துக்கும் பதிலாக ஐகன்ஜீன் என்று சாம்பிளுக்கு ஓர் எண் தரும்.

நான் ஒரு மார்க் குறைப்பது அடுத்த படிக்கு. அதன் பயிற்சிப் பாடத்தில் இருக்கிறபடி ஐகன்ஜீனை முள் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் ஹீட்மேப்பின் (மாட்யூலுக்கு ஒரு கட்டமாக நிறம் தீட்டிய அட்டவணை) ஒவ்வொரு கட்டத்திலும் ஸ்டூடண்ட் முறை பி-வேல்யூ வந்து உட்காரும். தொடர்பே இல்லாதபோதும் இவ்வளவு பொருத்தம் தற்செயலாக வர எவ்வளவு வாய்ப்பு என்பதுதான் பி-வேல்யூ. அது அந்த ஒரு கட்டத்துக்கான கணக்கு, நாம் பார்ப்பதோ எல்லாக் கட்டத்தையும், அத்தனையில் ஒன்று தற்செயலாகவே சிறியதாக வந்துவிடலாம். என்னிடம் 18 மாட்யூல். டர்க்காய்ஸுக்குக் கோரிலேஷன் (முள் எண்ணிக்கையோடு சேர்ந்து நகர்கிற அளவு, உச்சம் 1) 0.52, பி 0.009, அன்றைக்கு ராத்திரி தூக்கமே வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

அப்புறம் குலுக்கிப் பார்த்தேன். ஜீன்களைத் தொடக் கூடாது, முள் எண்ணிக்கையை மட்டும் செடிக்குச் செடி மாற்றிப் போட்டு, ஒவ்வொரு குலுக்கலிலும் 18 மாட்யூலில் எதற்கு வந்த கோரிலேஷன் பெரியதோ (பிளஸ், மைனஸ் பார்க்காமல்) அதைக் குறித்துக்கொண்டே போக வேண்டும். 10,000 குலுக்கலில் எத்தனை 0.52ஐத் தொட்டன என்று எண்ணினால் டர்க்காய்ஸின் பி 0.14 ஆகிவிட்டது. பிரவுன் மட்டும், 0.71, அசையவில்லை.

மாட்யூல்கள் முள்ளைப் பார்க்காமலே உருவானவை, அதனால் நெட்வொர்க்கைத் திரும்பக் கட்ட வேண்டாம், ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. எந்தக் குலுக்கலுமே தொடாவிட்டாலும் பி பூஜ்யம் என்று எழுதாதீர்கள், மேலேயும் கீழேயும் ஒன்று கூட்டி வகுத்தால் 10,001இல் ஒன்று, அதுதான் சரி. நான் இலையை இரண்டு நாளில், நாளுக்குப் பன்னிரண்டு செடியாகப் பறித்திருந்தேன். அதனால் அந்தந்த நாள் செடிகளுக்குள்ளேயே குலுக்கினேன், நாள் தாண்டிக் குலுக்கினால் வெயிலும் நேரமும் செய்த வேலை முள்ளின் கணக்கில் விழுந்துவிடும்.

பேக்கேஜுக்குள் மாட்யூல்பிரிசர்வேஷன் என்று ஒன்று இருக்கிறது, அதுவும் குலுக்கும், அதை இதற்குப் போட்டுக் குழம்பாதீர்கள். ஒரு டேட்டாவில் கிடைத்த மாட்யூல் இன்னொரு டேட்டாவிலும் நிற்கிறதா என்பது அதன் கேள்வி.

அடுத்த பருவத்துக்கு எல்லாச் செடியையும் ஒரே காலையில் பறித்துவிடலாம் என்று அண்ணனிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.