கரீபியன் க்ரூஸ்: கிழக்கா, மேற்கா, தெற்கா? எந்த ரூட்டுக்குக் காசு கொடுக்கலாம்?

ஒரே கப்பல் இந்த வாரம் மயாமியிலிருந்து கிழக்கே போகும், அடுத்த வாரம் மேற்கே போகும். ஏழு இரவுக்கான கட்டணத்திலும் பெரிய வித்தியாசம் இருக்காது. அதனால் பலர் கப்பலையும் அறையையும் மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்துவிட்டு, லீவு கிடைக்கும் வாரத்தில் எந்த ரூட் வருகிறதோ அதில் ஏறிவிடுகிறார்கள். கரீபியனில் இது தலைகீழான வழி. கப்பலின் நீச்சல் குளமும் பஃபேயும் எந்தத் திசையில் போனாலும் அதேதான். எத்தனை நாள் கரையில் இறங்கலாம், எத்தனை மணிக்கு இறங்கலாம், பார்க்க வேண்டிய இடம் துறையிலிருந்து எவ்வளவு தூரம் என்பவைதான் ரூட்டுக்கு ரூட் மாறும்.

முதலில் அட்டவணையைப் படிக்கும் முறை. ‘காலை 8 முதல் மாலை 5 வரை’ என்று போட்டிருந்தால் ஒன்பது மணி நேரம் என்று எண்ணாதீர்கள். கப்பலைக் கட்டி, உள்ளூர் அதிகாரிகள் அனுமதி தந்து, முதல் கூட்டம் இறங்க முக்கால் மணி நேரம் ஆகிவிடும். கிளம்புவதற்கு அரை மணி முன்பு எல்லோரும் ஏறியிருக்க வேண்டும். அதற்கும் அரை மணி முன்பாவது துறைக்குத் திரும்பிவிடுவது நல்லது. மிஞ்சுவது ஏழு மணி நேரம் சொச்சம். கப்பல் நடுக்கடலில் நங்கூரம் போட்டு, டெண்டர் படகில் ஆட்களைக் கொண்டுபோகும் இடமானால் இன்னும் ஒன்றரை மணி நேரத்தைக் கழித்துக்கொள்ளுங்கள். எந்த ரூட்டையும் இப்படிக் கணக்குப் போட்டுப் பார்த்தால் விளம்பரத்தில் தெரியாதது தெரியும்.

மேற்கு ரூட்டின் பலம் தூரம் குறைவு என்பது. மயாமியிலிருந்து மெக்சிகோவின் கொசுமெல் ஏறத்தாழ 550 கடல் மைல். மணிக்கு 18 முதல் 20 கடல் மைல் வேகத்தில் ஒன்றேகால் நாளில் சேர்ந்துவிடலாம். கொசுமெல், கோஸ்டா மாயா, ரோவாட்டான், பெலீஸ், கிராண்ட் கேமன், ஜமைக்கா என்று பக்கம் பக்கமாக இருப்பதால் ஒரு வாரத்தில் நான்கு இடங்கள் வரை பார்க்கலாம். மாயன் இடிபாடுகள், பவளப் பாறைகள், குகை ஆறுகள் எல்லாம் இந்தப் பக்கம்தான். கரையில் இறங்கி ஏதாவது செய்ய வேண்டும் என்பவர்களுக்கு, முதல் க்ரூஸ் என்றால், மேற்குதான் என் தேர்வு.

ஆனால் எந்த இடத்தை எந்தத் துறையிலிருந்து பார்ப்பது என்பதில் பலர் சறுக்குகிறார்கள். கொசுமெல் ஒரு தீவு, துலூம் என்ற மாயன் கோயில் இருப்பதோ பெருநிலத்தில். ப்ளாயா டெல் கார்மெனுக்கு ஃபெரியில் முக்கால் மணி, அங்கிருந்து பஸ்ஸில் ஒரு மணி, திரும்ப அதே பாடு. நாள் முழுவதும் போய், இடிபாட்டில் ஒன்றரை மணி நேரம் கிடைத்தால் அதிகம். அதே பயணத்தில் கோஸ்டா மாயாவும் இருந்தால், மாயன் இடிபாட்டை அங்கே வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து சாக்சோபென் இடிபாடு சுமார் ஒரு மணி நேர பஸ் பயணம், கடலைக் கடக்கும் வேலை இல்லை, கூட்டமும் குறைவு. கொசுமெலைக் கடலுக்கு விட்டுவிடுங்கள். பலன்கார் பவளப் பாறையும், நட்சத்திர மீன்கள் கிடக்கும் எல் சியேலோ மணல் திட்டும் அந்தத் தீவின் சொத்து. அங்கே க்ரூஸ் துறைகள் மூன்று. புன்டா லங்கோஸ்டா ஊருக்குள்ளேயே இருக்கிறது. மற்ற இரண்டும் நான்கைந்து கிலோமீட்டர் தெற்கே. உங்கள் கப்பல் எதில் கட்டும் என்று முன்பே பார்த்துவைத்தால் டாக்ஸி செலவு தெரிந்துவிடும்.

ஹோண்டுராஸின் ரோவாட்டான் தீவு பலர் அசட்டை செய்யும் இடம். என் கணக்கில் மேற்கில் கொடுத்த காசுக்கு அதிகம் திருப்பித் தருவது அதுதான். வெஸ்ட் பே கடற்கரையில் இறங்கிக் கொஞ்ச தூரம் நீந்தினாலே பவளப் பாறை வந்துவிடும், படகுக்குத் தனியாகச் செலவில்லை. டாக்ஸியில் மட்டும் கவனம் தேவை. சொல்லும் தொகை ஆளுக்கா, வண்டிக்கா, ஒரு வழிக்கா, போக வரவா என்ற இரண்டையும் ஏறுவதற்கு முன்பே பேசி முடியுங்கள். சண்டைகள் பெரும்பாலும் இதில்தான் வருகின்றன.

பெலீஸில் பவளத் திட்டுகளால் கடல் ஆழம் குறைவு. பெரிய கப்பல்கள் பல கிலோமீட்டர் தள்ளி நிற்கும், டெண்டரில் இருபது முதல் முப்பது நிமிடம். சூனன்டூனிச் இடிபாட்டுக்குச் சாலையில் இரண்டு மணி நேரம் என்பதால் கப்பல் நிறுவனத்தின் டூரில் போவதே புத்திசாலித்தனம். வண்டி தாமதமானாலும் கப்பல் காத்திருக்கும். அல்டுன் ஹா இடிபாடு ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும். கிராண்ட் கேமனும் டெண்டர் துறைதான். குளிர்காலத்தில் வடமேற்குக் காற்று எழுந்தால் ஜார்ஜ் டவுனில் படகு இறக்க முடியாமல் கப்பல் அப்படியே போய்விடும். கப்பல் இப்படி ஒரு துறையைத் தவிர்த்தால் அந்த ஊருக்கான வரியும் கட்டணமும்தான் திரும்பக் கிடைக்கும், பயணக் கட்டணம் குறையாது. அங்கே விலைப்பட்டியல் கேமன் டாலரிலும் இருக்கும். ஒரு கேமன் டாலர் என்பது 1.20 அமெரிக்க டாலர், கடைகளில் 1.25 என்று கணக்கிடுவார்கள். மலிவு என்று நினைத்துச் சாப்பிட்டபின் பில் உயர்ந்து நிற்பது இதனால்தான்.

மேற்கில் கப்பலைத் தவறவிடுபவர்கள் அதிகம், காரணம் கைபேசி. ரோவாட்டானும் பெலீஸும் குளிர்காலத்தில் மயாமியைவிட ஒரு மணி நேரம் பின்தங்கியவை, கோடையில் இரண்டு மணி. கொசுமெலும் கேமனும் ஜமைக்காவும் ஆண்டு முழுவதும் கடிகாரத்தை மாற்றுவதில்லை என்பதால் கோடையில் மட்டும் ஒரு மணி பின்தங்கும். பல கப்பல்கள் புறப்பட்ட ஊர் நேரத்தையே வைத்துக்கொள்ளும். கைபேசி மூன்றரை காட்டும்போது கப்பலில் நாலரை ஆகி, ஏணியை எடுக்கத் தொடங்கியிருப்பார்கள். கிழக்கில் இந்த ஆபத்து இல்லை. அங்கே கைபேசி மாறினால் முன்னால் ஓடுமே தவிரப் பின்தங்காது. சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்றைக் கப்பல் நேரத்துக்கு வைத்துக் கட்டிக்கொள்ளுங்கள்.

மேற்கே போகக் கிளம்பும் துறைகளாக டெக்சாஸின் கால்வெஸ்டனும் ஃப்ளோரிடாவின் டாம்பாவும் உண்டு. கால்வெஸ்டனில் குளிர்காலப் பனிமூட்டத்தால் கால்வாயை மூடிவிடுவார்கள், கப்பல் வந்து சேருவது பல மணி நேரம் தள்ளிப்போகும். இறங்கும் நாளில் காலை விமானம் போடாதீர்கள். டாம்பாவில் சன்ஷைன் ஸ்கைவே பாலத்தின் உயரம் தடுப்பதால் மிகப் பெரிய கப்பல்கள் உள்ளே வர முடியாது. சின்னக் கப்பல் பிடிக்கும் என்றால் அதுவே வசதி.

கிழக்கு ரூட்டுக்கு வருவோம். மயாமியிலிருந்து செயின்ட் தாமஸ் ஏறத்தாழ 1,000 கடல் மைல். அதனால் போகும்போது ஒன்றிரண்டு நாள், வரும்போது ஒன்றிரண்டு நாள் கடலிலேயே கழியும். இடையில் போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவான், செயின்ட் தாமஸ், செயின்ட் மார்ட்டின், வழியில் கப்பல் நிறுவனமே நடத்தும் ஒரு பஹாமாஸ் தனித்தீவு என்பது வழக்கமான அமைப்பு. கப்பலிலேயே ஓய்வாக இருக்க விரும்புபவர்களுக்கு இது சரி. ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவை அழைத்துப் போவதற்கும் கிழக்கே நல்லது. முக்கியத் துறைகளில் கப்பல் நேராகக் கரையில் கட்டும். அலையில் ஆடும் டெண்டர் படகில் சக்கர நாற்காலியோடு ஏறுவது பல நேரம் அனுமதிக்கப்படுவதே இல்லை. சைவச் சாப்பாடு வேண்டுமென்றால் முதல் இரவே உணவகத் தலைமைப் பணியாளரிடம் சொல்லிவிடுங்கள். மறுநாளிலிருந்து இந்தியச் சமையல் தனியாகச் செய்து தருவது பெரிய கப்பல்களில் சாதாரணம்.

சான் ஹுவானில் பார்க்க வேண்டியது ஒன்றுதான் என்று கேட்டால் எல் மோரோ கோட்டை. பழைய நகரத் துறையில் இறங்கினால் இருபது நிமிட நடை, வழி ஏற்றமும் கற்பாவிய தெருவுமாக இருக்கும். கோட்டை மாலை ஐந்து மணிக்குள் மூடிவிடும். ஆனால் கிழக்கு ரூட் கப்பல்கள் பல அங்கே சேருவதே பிற்பகலில் அல்லது மாலையில்தான். வரும் நேரம் மூன்று மணி என்றிருந்தால் கோட்டையை வெளியிலிருந்துதான் பார்க்க முடியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே எழுத்துருவில் அச்சிட்ட இரண்டு அட்டவணைகளில் ஒன்று காலை 8 என்றும் மற்றது மாலை 4 என்றும் போட்டிருந்தால், முன்னது கூடுதல் நூறு டாலருக்குத் தகும்.

செயின்ட் தாமஸில் கடைத்தெருவோடு நின்றுவிடாதீர்கள். திறந்த ஜீப் டாக்ஸியில் ரெட் ஹூக்குக்கு அரை மணி, அங்கிருந்து ஃபெரியில் இருபது நிமிடத்தில் செயின்ட் ஜான். தீவின் பெரும்பகுதி 1956-ல் உருவான தேசியப் பூங்கா. அதிலுள்ள ட்ரங்க் பேயில் நீருக்கடியில் பலகை வைத்த பாதையே உண்டு. எட்டு மணி நேரமாவது நிற்கும் கப்பலானால் மட்டும் இதை முயலுங்கள். செயின்ட் மார்ட்டினில் மாஹோ கடற்கரையில் தலைக்கு மேல் விமானம் இறங்குவதைப் பார்க்கக் கூட்டம் கூடும். இறங்கும் விமானத்தைப் பார்க்கலாம். கிளம்பும் ஜெட்டின் பின்னால் வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்கக் கூடாது, 2017-ல் அப்படி நின்ற ஒரு பெண் தூக்கி எறியப்பட்டு உயிரிழந்தார். நான்கைந்து கப்பல்கள் ஒன்றாக வரும் நாளில் அந்தத் தீவின் சாலைகள் நெரிந்துவிடும். திரும்பி வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒதுக்குங்கள். எந்த நாளில் எத்தனை கப்பல் என்பதை க்ரூஸ்மேப்பர் தளத்தில் தேதி வாரியாகப் பார்த்துவிடலாம்.

கிழக்கே போகும்போது கீழைக்காற்றுக்கு எதிராகக் கப்பல் ஓடுகிறது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை அந்தக் காற்று இன்னும் பலக்கும். தலைசுற்றல் உள்ளவர்கள் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் அறை எடுங்கள். முன்பக்க உயர்தள பால்கனிக்கு அதிகக் காசு கொடுத்து அவதிப்பட வேண்டாம்.

தனித்தீவுகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மணல் நன்றாக இருக்கும், சாப்பாடு கட்டணத்தில் அடங்கும், நீர்ப்பூங்காவுக்கும் நிழல் குடிலுக்கும் தனியாகப் பணம் கேட்பார்கள். ஜனவரியில் பஹாமாஸ் கடல் நீர் குளிப்பதற்குச் சில்லென்றிருக்கும் என்பதை மட்டும் யாரும் முன்னதாகச் சொல்வதில்லை. அதே மாதத்தில் தெற்குத் தீவுகளில் நீர் இதமாக இருக்கும்.

தெற்கு ரூட்தான் மூன்றிலும் சிறந்தது. ஆனால் அதை சான் ஹுவானிலிருந்து ஏறினால்தான் அப்படி. ஃப்ளோரிடாவிலிருந்து அரூபா, குராசாவ் போக எட்டு முதல் பதினோரு இரவு வேண்டும், அந்த நாட்களில் பாதி கடலிலேயே கழியும். சான் ஹுவானில் ஏறினால் ஒரு தீவிலிருந்து அடுத்த தீவு ஓர் இரவு ஓட்டம்தான். பார்படோஸ், செயின்ட் லூசியா, ஆன்டிகுவா, செயின்ட் கிட்ஸ் என்று ஏழு இரவில் ஐந்து துறைகள் வரை கிடைக்கும். கூடுதல் விமானச் செலவைக் கரையில் கிடைக்கும் மணி நேரத்தால் வகுத்துப் பார்த்தால் இதுவே மலிவு. ஒரு நாள் முன்னதாகப் பறந்து அங்கேயே தங்கிவிட்டால் எல் மோரோவும் முடிந்துவிடும்.

செயின்ட் லூசியாவில் பிட்டன் மலைகள் கப்பல் கட்டும் காஸ்ட்ரீஸிலிருந்து ஒன்றரை மணி நேர வளைவுச் சாலை. வயிறு ஒத்துழைக்காதவர்கள் போகும்போது படகில் போகலாம். டொமினிகாவில் கொதிக்கும் ஏரிக்கு நடக்க நாள் முழுவதும் வேண்டும், க்ரூஸ் பயணிக்கு ட்ரஃபால்கர் அருவியே போதும். பார்படோஸில் கார்லைல் பே துறையிலிருந்து நடந்துபோகும் தூரம், அங்கே ஆமைகளோடு நீந்தலாம். அரூபாவில் டூரே வேண்டாம். துறைக்கு எதிரிலுள்ள பஸ் நிலையத்தில் ஏறினால் ஈகிள் பீச்சும் பாம் பீச்சும் வந்துவிடும். குராசாவில் 1888-ல் கட்டிய மிதவைப் பாலம் கப்பலுக்கு வழிவிட விலகும்போது பயணிகளுக்கு இலவசப் படகு ஓடும், அவசரப்பட வேண்டியதில்லை. புயல் காலம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை, உச்சம் செப்டம்பர். அந்த மாதத்தில்தான் லீவு என்றால் அரூபா, பொனேர், குராசாவ் மூன்றும் உள்ள பயணத்தை எடுங்கள். அவை புயல்களின் வழக்கமான பாதைக்குத் தெற்கே இருக்கின்றன. 2017 செப்டம்பரில் இர்மாவும் மரியாவும் செயின்ட் தாமஸையும் செயின்ட் மார்ட்டினையும் புரட்டியபோது கிழக்கு ரூட் கப்பல்கள் மேற்கே திருப்பிவிடப்பட்டன. சார்காஸம் பாசி வசந்தத்திலிருந்து இலையுதிர் காலம் வரை கிழக்கு நோக்கிய கரைகளில் ஒதுங்கும். கோஸ்டா மாயாவில் கடல் குளியல் அப்போது கெடும், கொசுமெலின் மேற்குக் கரை பெரும்பாலும் தப்பிக்கும்.

தெற்கில் குவாடலூப்போ மார்ட்டினிக்கோ வந்தால் நம்மவர்கள் தவறவிடக் கூடாது. 1853-லும் 1854-லும் ‘ஒரேலி’ கப்பலில் தொடங்கி, புதுச்சேரி, காரைக்கால் வழியாகக் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுபோகப்பட்ட தமிழர்களின் வழித்தோன்றல்கள் அங்கே வாழ்கிறார்கள். மாரியம்மனும் மதுரை வீரனும் இன்றும் அங்கே கும்பிடப்படுகிறார்கள். குவாடலூப்பின் புவாந்த்-ஆ-பித்ர் துறையிலிருந்து கபெஸ்டெர்-பெல்-ஓ ஊரின் ஷாங்ஜி கோயில் டாக்ஸியில் முக்கால் மணி நேரத்துக்குள். கையில் யூரோ வைத்துக்கொள்ளுங்கள், டாலரை எல்லோரும் வாங்குவதில்லை.

இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு ரூட்டை முடிவுசெய்வது பல நேரம் விசாதான். கப்பல் திரும்பி அமெரிக்காவுக்கே வருவதால் பலமுறை நுழையும் அமெரிக்க விசா செல்லுபடியில் இருக்க வேண்டும். எச்-1பி வேலை விசா முத்திரை காலாவதியானவர்கள் மெக்சிகோ போய் முப்பது நாளுக்குள் திரும்பும் சலுகை தீவுகளுக்குப் பொருந்தாது. எஃப், ஜே விசா மாணவர்களுக்குப் பக்கத்துத் தீவுகளுக்கும் உண்டு, ஆனால் ஹோண்டுராஸும் பெலீஸும் அந்தப் பட்டியலில் இல்லாததால் அவை உள்ள மேற்கு ரூட் அதில் அடங்காது. சலுகை இருந்தும் ஏற்ற மறுக்கும் கப்பல்கள் உண்டு என்பதால் முத்திரையைப் புதுப்பித்த பிறகே முன்பதிவு செய்யுங்கள். மார்ட்டினிக்கும் குவாடலூப்பும் பிரெஞ்சு மண். அந்தத் துறைகள் இருந்தால் உங்கள் பாஸ்போர்ட்டுக்கு என்ன விசா வேண்டும் என்று கப்பல் நிறுவனத்திடம் மின்னஞ்சலில் கேட்டு, அவர்கள் அனுப்பும் பதிலை அச்செடுத்துப் பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள்ளுங்கள்.